ஊர்ப்பேச்சை விட்டு அகலாத நடிகர்: ரிக்கார்தோ தரீன்

ஸ்பானிய மொழி ஐரோப்பாவில் ஸ்பெயினிலும், அமெரிக்கக் கண்டத்தில் மெக்சிகோ தொடங்கித் தென்கோடி வரை பரந்து கிடக்கும் நாடுகளிலும் பேசப்படுவதால், அம்மொழியில் நடிக்கும் ஒருவருக்கு ஆங்கிலத்தின் துணையின்றியே பல நாட்டு ரசிகர்கள் வாய்க்கிறார்கள். இருந்தபோதிலும், ஓரளவு பெயர் கிடைத்தவுடன் ஹாலிவுட்டை நோக்கி நகர்வதே அந்நடிகர்களின் அடுத்த படி என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. அந்தோனியோ பந்தேராஸும் ஹாவியர் பர்தெமும் அவ்வழியில் சென்று உலகப் புகழ் பெற்றவர்கள். அர்ஜென்டினாவின் ரிக்கார்தோ தரீன் அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை. பிறந்த நகரமான பியூனஸ் அயர்ஸில் இருந்துகொண்டு, அந்நகரத்துத் தெருக்களில் புழங்கும் பேச்சைத் தன் கலையின் மூலப்பொருளாக்கி, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற நான்கு அர்ஜென்டினப் படங்களில் நடித்தவர் அவர். அவரது வாழ்க்கையைப் பின்தொடர்வது, ஒரு நடிகரின் வளர்ச்சியோடு அந்நாட்டின் அரை நூற்றாண்டு வரலாற்றையும் பின்தொடர்வதாகும்.

தரீன் 1957ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நடிகக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தைக்கும் ரிக்கார்தோ தரீன் என்பதே பெயர். தாய் ரெனே ரொக்சானா. இருவருமே மேடையிலும் ஒளிபரப்பிலும் உழைத்த கலைஞர்கள். தங்கை அலெஹாந்திராவும் நடிகையாகி, பிற்காலத்தில் அர்ஜென்டின நடிகர் சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பத்து வயதிலேயே பெற்றோருடன் மேடையேறிய தரீன், நடிப்புக்கென்று எந்தக் கல்லூரிக்கும் சென்றவரல்லர். வீடும் படப்பிடிப்புத் தளங்களுமே அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தன. பதின்ம வயதில் தொலைக்காட்சியில் கால் பதித்த அவர், எழுபதுகளில் ‘டெலிநொவேலா’ எனப்படும் தொடர்களின் வழியாக வீடுதோறும் அறிமுகமானார். டெலிநொவேலா என்பது லத்தீன் அமெரிக்காவுக்கே உரிய தொடர் வடிவம். நாள்தோறும் ஒளிபரப்பாகும் நம் நெடுந்தொடர்களைப் போன்றதே என்றாலும், பல ஆண்டுகள் இழுபடாமல் சில மாதங்களில் ஒரு முடிவை எட்டிவிடும் இயல்புடையது.

அந்நாளில் அவருக்கும் அவரையொத்த இளம் நடிகர்களுக்கும் ‘கலான்சித்தோ’ என்ற பட்டப்பெயர் வழங்கியது. ‘கலான்’ என்றால் காதல் நாயகன். ‘சித்தோ’ என்ற விகுதி சேர்ந்தால் அது சின்னக் காதல் நாயகன் என்று செல்லமாகவும், கொஞ்சம் இளக்காரமாகவும் பொருள்படும். 1976 முதல் 1983 வரை நாட்டை ஆண்ட இராணுவ ஆட்சியின் கீழ் எழுத்தாளர்களும் நடிகர்களும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பலர் நாட்டைவிட்டே ஓட நேர்ந்த காலத்தில், திரையில் தடையின்றி ஓடியவை கடற்கரைக் காதலும் பாட்டும் நிறைந்த இலகுவான படங்களே. 1979இலும் 1980இலும் அதோல்ஃபோ அரிஸ்தராயின் இயக்கிய அத்தகைய இரண்டு படங்களில் தரீன் நடித்தார். அதே அரிஸ்தராயின் 1981இல் ‘பழிவாங்கும் காலம்’ என்று பொருள்படும் படத்தை எடுத்து, தணிக்கையின் கண்ணெதிரிலேயே சர்வாதிகாரத்தைப் பற்றிப் பேசினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இலகுவான படங்களின் பின்னே எத்தனை அடக்கப்பட்ட திறமை காத்துக்கிடந்தது என்பது புரியும்.

அந்தத் தொலைக்காட்சி ஆண்டுகளை வீணான காலமென்று தள்ளிவிடுவது விமர்சகர்களிடையே வழக்கமாக இருந்தாலும், அது சரியான மதிப்பீடாகத் தோன்றவில்லை. நாள்தோறும் பக்கம் பக்கமாக வசனம் பேசிப் பழகிய நடிகருக்கு, எழுதப்பட்ட வரியை அப்போதுதான் வாயில் வந்த பேச்சைப் போல ஒலிக்கச் செய்யும் கைவந்த திறன் ஒன்று அமைந்துவிடுகிறது. 1993 முதல் 1996 வரை ஒளிபரப்பான ‘மி குன்யாதோ’ என்ற நகைச்சுவைத் தொடர் இதற்கு நல்ல சான்று. ‘என் மச்சான்’ என்பதே தலைப்பின் பொருள்; பொறுப்பான அலுவலராக லூயிஸ் பிரந்தோனியும், அவரை ஓயாமல் வம்பில் மாட்டிவிடும் மைத்துனராகத் தரீனும் நடித்தார்கள். பொய் சொல்லும்போதே அன்பையும், குற்றம் செய்யும்போதே குழந்தைத்தனத்தையும் வெளிப்படுத்தும் அவரது முத்திரை, இந்தத் தொடரில்தான் உருப்பெற்றது.

அதே 1993இல் வெளிவந்த ‘பெர்திதோ போர் பெர்திதோ’ என்ற குற்றப்படம், சின்னக் காதல் நாயகனுக்குள் வேறொரு நடிகர் இருப்பதை முதன்முதலாகத் திரையுலகுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவில் இயற்றப்பட்ட திரைப்படச் சட்டம், ஒவ்வொரு திரையரங்கு நுழைவுச்சீட்டின் விலையிலும் பத்தில் ஒரு பங்கை உள்நாட்டுத் திரைப்பட வளர்ச்சிக்கென ஒதுக்கியதோடு, தொலைக்காட்சி, வீடியோ ஆகியவற்றின் வருவாயிலிருந்தும் நிதி திரட்ட வழிசெய்தது. திரைப்படக் கல்லூரிகளிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த புதிய இயக்குநர்களுக்கு இந்நிதி கைகொடுத்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட முகம், முப்பத்தைந்தைத் தாண்டி முதிர்ச்சி கூடிக்கொண்டிருந்த தரீனிடம் இருந்தது. ஒரு நடிகரின் திறமைக்கு நிகராகக் காலமும் சட்டமும் கூடிவர வேண்டும் என்பதை இப்பகுதி காட்டுகிறது.

திருப்புமுனை 2000ஆம் ஆண்டில் ‘நுவேவே ரெய்னாஸ்’, அதாவது ‘ஒன்பது ராணிகள்’ என்ற படத்தால் வந்தது. திரைக்கதைப் போட்டியொன்றில் வென்ற தன் கதையை ஃபபியான் பியெலின்ஸ்கி தாமே இயக்கினார். அதுவே அவரது முதல் முழுநீளப் படம். ஒரே நாளில் நிகழும் கதை. மார்க்கோஸ், ஹுவான் என்ற இரு சில்லறை ஏமாற்றுக்காரர்கள், போலியாகத் தயாரிக்கப்பட்ட அரிய தபால்தலைத் தொகுப்பொன்றைப் பெருஞ்செல்வர் ஒருவரின் தலையில் கட்ட முயல்கிறார்கள். மார்க்கோஸாக வரும் தரீன், தெருவோரம் நின்றபடி எதிரே நடமாடும் மனிதர்களில் யார் யார் எந்தெந்த வகைத் திருடர்கள் என்று ஹுவானுக்கு அடுக்கிக் காட்டும் காட்சியில், மூச்சுவிடாமல் பெயர்களை உதிர்க்கிறார். தன் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதே அந்தப் பாத்திரத்தின் மொத்தச் சாரம்.

இக்காட்சியின் சுவையை உணர அந்நகரத்து மொழியைப் பற்றிச் சற்று அறிந்திருக்க வேண்டும். ஸ்பெயினில் ‘நீ’ என்பதற்கு ‘தூ’ என்பார்கள். பியூனஸ் அயர்ஸில் அதற்குப் பதில் ‘வோஸ்’ என்ற பழைய சொல் வழங்குகிறது, அதற்கேற்ப வினைச்சொற்களின் ஈறும் மாறுகிறது. மற்ற இடங்களில் ‘ய’ என்று ஒலிக்கும் எழுத்து அங்கே ‘ஷ’ என்று ஒலிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலிருந்து திரளாகக் குடியேறிய மக்களின் தாக்கத்தால் பேச்சின் இசையே இத்தாலியச் சாயல் பெற்றிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, துறைமுகச் சேரிகளிலும் சிறைகளிலும் பிறந்து பின்னர் எல்லார் வாயிலும் புகுந்த ‘லுன்ஃபார்தோ’ என்ற குழூஉக்குறிச் சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்றான ‘சமூஷோ’ என்பது, எதிரிலிருப்பவரை மயக்கிக் காரியம் சாதிக்கும் வாய்ச்சாலத்தைக் குறிக்கும். மார்க்கோஸ் என்ற மனிதரே அந்த வாய்ச்சாலத்தின் உருவம் என்பதால், அப்பாத்திரத்தை வேறு நாட்டு நடிகர் எவரும் அதே வலுவோடு செய்திருக்க முடியாது. 2004இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மறு ஆக்கம் செய்யப்பட்ட வடிவம் மூலத்தின் புகழை எட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அப்படத்தின் இறுதிப் பகுதியில், நிர்வாகிகள் பணத்தோடு ஓடிவிட்டதால் ஒரு வங்கி மூடப்பட்டு, வாடிக்கையாளர்கள் கதவை முட்டுகிறார்கள். படம் வெளிவந்து பதினைந்து மாதங்களில், 2001 டிசம்பரில், அர்ஜென்டின அரசு மக்களின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. ‘கொர்ரலித்தோ’, அதாவது சின்னப் பட்டி என்று அந்த முடக்கத்துக்கு மக்கள் பெயரிட்டார்கள், தங்கள் சேமிப்பு ஆட்டைப் பட்டியில் அடைத்ததுபோல் அடைபட்டுக் கிடந்ததால். அந்த ஆண்டு வெளிவந்த ‘எல் ஹிஹோ தெ லா நோவியா’ (மணப்பெண்ணின் மகன்) படத்தில், கடனிலும் வேலைப்பளுவிலும் மூச்சுத்திணறும் உணவக உரிமையாளர் ரஃபாயெலாகத் தரீன் நடித்தார். நினைவை அழித்துக்கொண்டே போகும் அல்சைமர் நோய்க்கு ஆளான தாயைத் தேவாலயத்தில் முறைப்படி மணக்க விரும்பும் முதிய தந்தையும், அந்த விருப்பத்தின் முன் தன் வாழ்க்கையின் வெறுமையை உணரும் மகனுமே கதை. தந்தையாக நடித்த எக்தோர் அல்தேரியோவும் தாயாக நடித்த நோர்மா அலெயாந்திரோவும் எழுபதுகளில் கொலை மிரட்டல்களால் நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்தவர்கள் என்பதை அறிந்த அர்ஜென்டின ரசிகர்களுக்கு, அந்த இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்பதே போதுமானதாக இருந்தது. ஹுவான் ஹோசே கம்பானெல்லா இயக்கிய இப்படம் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது.

பியெலின்ஸ்கியின் இரண்டாம் படமான ‘எல் அவுரா’ 2005இல் வந்தது. வலிப்பு நோயாளிக்கு வலிப்பு தாக்குவதற்குச் சற்று முன்னர் தோன்றும் விசித்திர உணர்நிலையை மருத்துவர்கள் அவுரா என்று அழைப்பர். ஓயாது பேசிய மார்க்கோஸுக்கு நேரெதிராக, இறந்த விலங்குகளுக்கு உயிருள்ளவை போல் உருக்கொடுக்கும் பதப்படுத்துநர் ஒருவராக, பேச்சே அற்றவராகத் தரீன் இதில் வருகிறார். பேச்சால் பெயர் பெற்ற நடிகர் பேச்சைத் துறந்து நின்ற இந்தப் படமே அவரது நடிப்பின் உச்சம் என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. பியெலின்ஸ்கி 2006இல் பிரேசிலின் சாவ் பாவுலோ நகரில் 47 வயதில் மறைந்தார். அந்த இரண்டு படங்களோடு அவரது பயணம் நின்றுபோனது அர்ஜென்டினத் திரையுலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

உலகம் தரீனை அறிந்தது 2009இல் கம்பானெல்லா இயக்கிய ‘எல் செக்ரெத்தோ தெ சுஸ் ஓஹோஸ்’ (அவர்கள் கண்களின் இரகசியம்) படத்தால்தான். எதுவார்தோ சச்சேரியின் நாவலைத் தழுவிய இப்படம், அர்ஜென்டினாவில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களைப் பெற்று, 2010இல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரையும் வென்றது. அந்நாட்டுக்கு அது இரண்டாவது ஆஸ்கர். எழுபதுகளின் நடுவில் நடந்த ஒரு கொலையை விசாரித்த நீதிமன்ற அலுவலர் பெஞ்சமின் எஸ்போசித்தோ, ஓய்வுபெற்ற பின் அதை நாவலாக எழுத முனைகிறார். கொலையாளி கண்டுபிடிக்கப்பட்டும், அரசியல் எதிரிகளை வேட்டையாட ஆள் தேவைப்பட்ட அரசு அவனை விடுவித்துத் தன் கையாளாக வைத்துக்கொள்கிறது. வானிலிருந்து இறங்கிக் கால்பந்து மைதானத்தின் கூட்டத்துக்குள் நுழைந்து துரத்தலாக மாறும் நீண்ட காட்சியைப் பற்றித் திரைப்பட மாணவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் நினைவில் நிற்பது அதைவிடச் சிறிய ஒன்று. எஸ்போசித்தோவின் பழைய தட்டச்சுப் பொறியில் ‘அ’ என்ற எழுத்து விழுவதில்லை. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஒரு தாளில் அவர் ‘தெமோ’ என்று கிறுக்குகிறார். ‘அஞ்சுகிறேன்’ என்று பொருள். அதன் நடுவே அந்த விடுபட்ட எழுத்தைச் சேர்த்தால் அதுவே ‘தெ அமோ’, அதாவது ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்றாகிவிடும். கால் நூற்றாண்டாகத் தன் மேலதிகாரியான பெண்ணிடம் காதலைச் சொல்லத் துணியாத ஒருவரின் வாழ்க்கை அந்த ஓரெழுத்தில் அடங்கியிருப்பதை, தரீன் தோள்களின் தளர்ச்சியாலும் பார்வையின் தயக்கத்தாலும் படம் முழுவதும் நமக்கு முன்கூட்டியே உணர்த்தியிருப்பார்.

இதன்பின் வந்த படங்களில் சாதாரண நடுத்தர மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களைத் தேடிச்சென்று காப்பீட்டுத் தொகையில் பங்கு பார்க்கும் வழக்கறிஞரை, பிணந்தின்னிப் பறவையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘கராஞ்சோ’ (2010) காட்டியது. ‘உன் குவெந்தோ சீனோ’ (2011) படத்தில், ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத சீன இளைஞனுக்கு வேண்டாவெறுப்பாகப் புகலிடம் கொடுக்கும் இரும்புக்கடைக்காரராக, 1982ஆம் ஆண்டின் மால்வினாஸ் போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பியவராக அவர் நடித்தார்; ஆங்கிலேயர் ஃபாக்லாந்து என்று அழைக்கும் தீவுகளுக்கே அர்ஜென்டினர் மால்வினாஸ் என்று பெயரிட்டுள்ளனர். ஆறு தனிக்கதைகளின் தொகுப்பான ‘ரெலாத்தோஸ் சல்வாஹெஸ்’ (2014) படத்தில், இடம் மாற்றி நிறுத்தியதாகச் சொல்லித் தன் காரை இழுத்துச்சென்ற அதிகாரிகளோடு மோதி மோதி வெடித்துப்போகும் வெடிபொருள் பொறியாளர் அவர். சுமார் நான்கு கோடிப் பேர் வாழும் நாட்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படத்தைத் திரையரங்கில் பார்த்தார்கள் என்றால், அந்தப் பொறியாளரின் கோபம் எத்தனை பேருடைய கோபம் என்பது விளங்கும்.

ஸ்பெயினும் அவரைத் தன்னவராக ஏற்றது. 2006இல் அந்நாட்டுக் குடியுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. செஸ்க் கய் இயக்கிய ‘ட்ரூமன்’ (2015) படத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை நிறுத்திக்கொள்ள முடிவெடுத்து, தன் வயதான நாய்க்கு ஒரு வீடு தேடும் நடிகராக அவர் நடித்தார். மத்ரீதில் வாழும் அர்ஜென்டினர் என்பது பாத்திரத்தின் அடையாளமாதலால், அங்கும் தன் ஊர்ப்பேச்சை அவர் கைவிட வேண்டியிருக்கவில்லை. ஸ்பெயினின் உயரிய திரைப்பட விருதான கோயா அவருக்கு இதற்காகக் கிடைத்தது. 2017இல் சான் செபாஸ்தியான் திரைப்பட விழா, வாழ்நாள் சாதனைக்கான தொனோஸ்தியா விருதை அவருக்கு அளித்தது. லத்தீன் அமெரிக்க நடிகர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதி ஸ்பெயினில் எடுத்த படத்திலும் அவர் நடித்தார். ஹாலிவுட்டிலிருந்து டோனி ஸ்காட்டின் படமொன்றில் மெக்சிகோ போதைப்பொருள் கடத்தல்காரராக நடிக்க வந்த அழைப்பை மட்டும் அவர் ஏற்கவில்லை. லத்தீன் அமெரிக்கர் என்றாலே கடத்தல்காரர்தானா என்ற கேள்வியும், உள்ளதைக் கொண்டு மனநிறைவோடு வாழ்கையில் மேலும் பணம் எதற்கு என்ற கேள்வியும் அந்த மறுப்புக்கு அவர் நேர்காணல்களில் சொன்ன காரணங்கள்.

சர்வாதிகார ஆண்டுகளின் நிழல் தரீனின் படங்களில் திரும்பத் திரும்ப விழுகிறது. அதன் நிறைவான வடிவம் சந்தியாகோ மித்ரே இயக்கிய ‘அர்ஜென்டினா, 1985’ (2022). இராணுவ ஆட்சியில் கடத்தப்பட்டுக் காணாமற்போனவர்கள் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. குடியாட்சி மீண்ட பின், ஆட்சிக்குழுக்களில் இருந்த ஒன்பது தளபதிகளைக் குடிமை நீதிமன்றத்தில் நிறுத்தி வழக்காடியவர் ஹூலியோ செசார் ஸ்ட்ராசெரா என்ற அரசுத் தரப்பு வழக்கறிஞர். 833 சாட்சிகள் முன்வந்தார்கள். விதேலா, மசேரா என்ற இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. விசாரணை நடந்த மாதங்களில் தொலைக்காட்சி நாளுக்குச் சில நிமிடக் காட்சிகளை மட்டுமே, அதுவும் ஒலியின்றி, காட்டியது. சாட்சிகளின் முதுகையும் அசையும் உதடுகளையும் மட்டும் கண்ட ஒரு தலைமுறைக்கு, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அந்த இறுதி வாதத்தின் குரலைத் தரீன் கொண்டுவந்து சேர்த்தார். சிகரெட் புகைத்துக்கொண்டே, அச்சத்தை மறைக்காமல், கொடுங்காலத்தில் தான் வாய்மூடி இருந்ததை எண்ணி உள்ளுக்குள் கூசும் மனிதராகவே அவர் ஸ்ட்ராசெராவைப் படைத்தார். அதனாலேயே அந்த வீரம் நம்பத்தக்கதாகிறது.

1957 செப்டம்பரில், தரீன் கைக்குழந்தையாக இருந்தபோது, எக்தோர் ஹெர்மான் ஓஸ்தெர்ஹெல்து எழுதி, ஃபிரான்சிஸ்கோ சோலானோ லோபஸ் வரைந்த ‘எல் எதெர்னௌத்தா’ என்ற சித்திரக்கதை பியூனஸ் அயர்ஸின் வார இதழொன்றில் தொடங்கியது. நச்சுப்பனி பொழிந்து நகரம் மடிய, வீட்டுக்குள் சீட்டாடிக்கொண்டிருந்த சில நண்பர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு முகமூடி தைத்து வெளியேறுகிறார்கள். தனியொரு வீரன் இல்லை, கூட்டமாகச் சேர்ந்தால்தான் பிழைப்பு என்பது அதன் நிலைப்பாடு. எழுத்தாளரும் அவருடைய நான்கு மகள்களும் இராணுவ ஆட்சியால் கடத்தப்பட்டு மீளாமற்போனதால், அர்ஜென்டினருக்கு அது வெறும் அறிவியல் புனைகதையாக இருக்கவில்லை. புரூனோ ஸ்தாஞாரோ அதை ஆறு பகுதிகள் கொண்ட தொடராக்க, 2025 ஏப்ரல் 30 அன்று நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. 68 வயதுத் தரீன் நாயகன் ஹுவான் சால்வோவாக நடித்தார். சின்னக் காதல் நாயகனாகத் தொலைக்காட்சியில் தொடங்கியவர் மீண்டும் ஒரு தொடருக்கே திரும்பியிருந்தார், இம்முறை பனிபடர்ந்த தன் சொந்த நகரத்தின் தெருக்களில், கண்ணாடி பதித்த முகமூடிக்குள்ளிருந்து பேசுபவராக.

இத்தொடரையும் அவருடைய பிற படங்களையும் காண விரும்பும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத் தளங்களில் வேறு மொழிக் குரலேற்றத்தோடு பார்க்கும் வசதி இருக்கக்கூடும். அதை அணைத்துவிட்டு, எழுத்துத் துணையோடு மூலக் குரலிலேயே கேளுங்கள், ‘ஒன்பது ராணிகள்’ படத்திலிருந்து தொடங்குங்கள்.